‘படிக்க மட்டும்’ யாருக்கு?

கேள்வி: சேலை டிசைன் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். முழுச் சேலை டிசைன்களை 24 பிட் பிஎம்பி கோப்புகளாக வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் 9600-க்கு 12,000 புள்ளி, சுமார் 345 எம்.பி. அதிலிருந்து ஒரு புட்டாவை மட்டும் எடுக்க ஜாவாவில் நிரல் எழுதினேன். கோப்பை ‘மெமரி மேப்’ செய்து, ‘ரீட் ஒன்லி’ பைட் பஃபராகத் திறந்தேன். படத்தின் அகலம் மைனஸ் 214 கோடி என்கிறது. ‘அரே’ கேட்டால் பிழை வருகிறது. இந்த வழியால் பயன் உண்டா? அசல் கோப்பு கெடாமல் இருக்குமா?
- வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: பயன் நிச்சயம் உண்டு. மேப் செய்வதால் கோப்பு முழுவதும் நினைவகத்துக்கு வந்துவிடாது. நீங்கள் தொடும் பகுதியை மட்டும், பெரும்பாலான கணினிகளில் 4096 பைட் கொண்ட பக்கங்களாக, இயங்குதளம் வட்டிலிருந்து எடுத்துத் தரும். உங்கள் படத்தில் ஒரு வரிக்கு 28,800 பைட். 300-க்கு 300 புள்ளி புட்டா என்றால் வரிக்கு ஒன்றோ இரண்டோ பக்கம், மொத்தம் 2.4 எம்.பி.க்குள் முடிந்துவிடும். இயங்குதளம் முன்கூட்டியே கொஞ்சம் படித்து வைத்தாலும் 345 எம்.பி.யைத் தொடாது.

அகலம் தவறாக வருவதற்குக் காரணம் பைட் வரிசை. பிஎம்பி சிறிய பைட்டை முதலில் எழுதும். ஜாவா பஃபர் பெரியதை முதலில் எதிர்பார்க்கும். ‘ஆர்டர்’ கட்டளையில் ‘லிட்டில் எண்டியன்’ என்று சொன்னால் 9600 சரியாக வரும். பஃபரை ‘டூப்ளிகேட்’ செய்தால் நகல் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். அதற்கும் மறுபடி சொல்ல வேண்டும். பிஎம்பி பொதுவாகக் கீழ்வரியிலிருந்து மேலே எழுதப்படுவதால், வரிக் கணக்கையும் அதற்கேற்பப் போடுங்கள்.

‘அரே’ கிடைக்காது, ஏனென்றால் இந்தப் பஃபருக்குப் பின்னால் ஜாவா அரே எதுவும் இல்லை. வேண்டிய வரியை ‘கெட்’ மூலம் உங்கள் சொந்த அரேயில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பாதுகாப்பு. ‘ரீட் ஒன்லி’ கட்டிப்போடுவது உங்கள் நிரலின் கையை, கோப்பை அல்ல. ஜக்கார்டு அட்டையின் ஓட்டையைத் தறி படிக்குமே தவிர, புதிதாகக் குத்தாது. ஆனால் அட்டை குத்துபவர் மாற்றினால் நெசவும் மாறும். நீங்கள் ‘புட்’ செய்தால் உடனே பிழை வரும். அதே நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் அதே கோப்பில் சேமித்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு புட்டா கிடைக்கலாம். அவர் கோப்பைச் சுருக்கிவிட்டால், இல்லாத பக்கத்தைத் தொடும்போது நிரலே விழலாம்.

ஆகவே அசல் கோப்புகளுக்கு இயங்குதளத்திலேயே எழுதும் உரிமையை எடுத்துவிடுங்கள். திருத்தம் எதுவானாலும் புதிய பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். விண்டோஸில் மேப் விடுபடும் வரை கோப்பை அழிக்க முடியாது. ஜாவா 22 முதல் ‘அரீனா’ என்ற வசதி கொண்டு மேப் செய்து, வேலை முடிந்ததும் அந்த மேப்பை நீங்களே மூடலாம். 2 ஜி.பி.யைத் தாண்டும் கோப்புகளுக்கும் அதுவே வசதியான வழி.