அடுக்ககப் பராமரிப்புக்கு எந்தப் பாடநூல்?

கேள்வி: கட்டட நிர்வாகம் பற்றிய பாடநூல்களில், அடுக்ககச் சங்கச் செயலாளர் ஒருவருக்கு எது பயன்படும்?
– வாசகர், கணபதி, கோவை

பதில்: வாடகை, உரிமை, வரி, சொத்தின் மதிப்பு ஆகியவற்றை கவனிப்பது சொத்து மேலாண்மை; லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர், துப்புரவு, காவல் ஆகியவை தடையின்றி நடக்க வழிசெய்வது வசதி மேலாண்மை. சங்கச் செயலாளரின் அன்றாடத் தலைவலி பெரும்பாலும் இரண்டாவதைச் சேர்ந்தது என்பதால், பிரையன் அட்கினும் ஏட்ரியன் புரூக்ஸும் எழுதிய ‘டோட்டல் ஃபெசிலிட்டீஸ் மேனேஜ்மென்ட்’ பொருத்தமானது. எந்தப் பணியைச் சொந்த ஆட்களிடம் வைத்துக்கொள்வது, எதை ஒப்பந்தத்துக்கு விடுவது, அதன் தரத்தை எப்படி எழுத்தில் வரையறுப்பது என்பவற்றை அது விளக்குகிறது. எனினும் அது பிரிட்டனைச் சார்ந்த நூல். சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு தொட்டி, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீருக்கு வேறொரு தொட்டி என்று இரட்டைக் குழாய் ஓடும் கோவைக் கட்டடத்தை அதில் தேடக் கூடாது.

ஆகவே, அதை விலை கொடுத்து வாங்கும் முன், 2016ஆம் ஆண்டின் இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பில் சொத்து, வசதி மேலாண்மைக்கென்றே அமைந்த 12ஆம் பகுதியைப் படிப்பது நலம். சட்டத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டு நூல் உதவாது. உள்நாட்டு நூலிலும் பதிப்பாண்டைப் பார்க்க வேண்டும். ஏனெனில், தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டத்தின் இடத்தில் 2022ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்து, 2024இல் நடைமுறையாகிவிட்டது. பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.