புகை கலைந்தாலும் கேடு கலையாது



கல்முனையிலிருந்து தெற்கே காரைதீவை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், கடலோரமாக வீடுகள் நெருங்கி அமைந்த ஊர் சாய்ந்தமருது. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. அவ்வூராரும் கல்முனையிலுள்ள நம் கத்தோலிக்கக் குடும்பத்தினரும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே வைத்தியசாலையில் மருந்தெடுத்து வாழ்பவர்கள். இரு சாராரின் பிள்ளைகளும் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் வெளிநாடு செல்கின்றனர்.

கஞ்சா, ஐஸ் என்னும் பெயர்களை இக்கரையோரப் பெற்றோர் நன்கு அறிவர். ஆனால் பிற நாடுகளில் பெருந்தீங்கு விளைவித்துவரும் ‘செயற்கைக் கஞ்சா’வைப் பற்றிப் பலர் அறியார். பிள்ளையை வழியனுப்புமுன் நாம் இதை அறிந்திருப்பது அவசியம்.

செயற்கைக் கஞ்சா என்பது யாது?

பெயரில் கஞ்சா இருப்பினும் இது செடியில் விளைவதன்று. இரசாயனக் கூடத்தில் ஆக்கப்படுவது. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஹஃப்மன், கஞ்சா மூளையில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆராய்வதற்காகப் பல இரசாயனப் பொருள்களை ஆக்கினார். மனிதர் உட்கொள்வதற்காக அவர் அவற்றைச் செய்யவில்லை. பணத்தாசை பிடித்தவர்களோ அவற்றைத் தாமே செய்து, உலர்ந்த இலைகள்மீது தெளித்து, ‘ஸ்பைஸ்’, ‘கே-2’ என்னும் பெயர்களில் மூலிகைப் புகை என்று விற்றனர். அப்பொதிகளில் இருந்தது ஹஃப்மனின் இரசாயனமே என்பதை 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனிய ஆய்வாளர் கண்டறிந்தனர்.

ஒன்றைத் தடைசெய்தால் அதன் அமைப்பைச் சிறிது மாற்றி இன்னொன்றை ஆக்குகின்றனர். இவ்வாறு இதுவரை 200க்கு மேற்பட்டவை இனங்காணப்பட்டுள்ளன. இப்போது மின்சிகரெட்டுத் திரவத்திலும் இதைக் கலக்கின்றனர். இங்கிலாந்தில் 38 பாடசாலைகளில் மாணவரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட மின்சிகரெட்டுகளைப் பாத் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, ஆறில் ஒன்றில் இந்நஞ்சு இருந்தது. இது 2024இல் வெளிவந்த செய்தி.

மூளையில் நிகழ்வது என்ன?

நம் மூளை தன் தேவைக்கெனச் சில பொருள்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அவற்றுள் ஒன்றை 1992இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ரஃபாயல் மெக்கூலம் என்பவரின் குழுவினர் கண்டுபிடித்து, ‘ஆனந்தம்’ என்னும் சொல்லைக்கொண்டே ‘ஆனந்தமைட்’ எனப் பெயரிட்டனர். ஞாபகம், பசி, உறக்கம், அச்சம் ஆகியன அளவோடு இருக்க இது உதவுகிறது. இப்பொருள் வந்து பொருந்துவதற்கென மூளைக் கலங்களில் ‘வாங்கிகள்’ உண்டு. கஞ்சாவின் போதைச் சத்தும் அதே இடத்திலேயே போய் ஒட்டிக்கொள்கிறது.

அரிக்கன் லாம்பை எண்ணிப் பாருங்கள். திரி அளவோடு இருந்தால் வெளிச்சம். கஞ்சாச் செடியின் சத்து அத்திரியைச் சற்று உயர்த்துகிறது, அதுவே கேடுதான். செயற்கைக் கஞ்சாவோ திரியை முற்றாக உயர்த்திவிடுகிறது. சிமினி கறுத்து வெடிக்காமல் என்ன செய்யும்?

2016ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதி, நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இதைப் புகைத்த 33 பேர் நடைப்பிணங்களைப்போல் வீதியில் தள்ளாடி நின்றனர். 2018இல் இலினோய் மாநிலத்தில் விற்கப்பட்ட பொதிகளில் எலிப்பாஷாணம் கலந்திருந்தது. அதனால் 150க்கு மேற்பட்டோர் இரத்தப்போக்குக்கு உள்ளாயினர், சிலர் மாண்டனர். வாங்குபவன் எதை உட்கொள்கிறான் என்பது விற்பவனுக்கே தெரியாது.

நிலைத்து நிற்கும் பாதிப்புகள்

வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, வலிப்பு ஆகியன உடனே தெரிபவை. சிலருக்குச் சிறுநீரகமும் பழுதடைகிறது. ஆனால் வீட்டாரை நெடுங்காலம் வாட்டுவது வேறு. யாரோ தன்னைப் பின்தொடர்வதாக அஞ்சுவதும், இல்லாத குரலைக் கேட்பதும் போதை தெளிந்த பின்னும் சிலரிடம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கின்றன. நெடுநாள் பாவித்தோரைச் சோதித்த ஆய்வுகளில் ஞாபகம், கவனம், திட்டமிட்டுச் செயலாற்றும் திறன் ஆகியன குன்றியிருக்கக் காணப்பட்டன. நிறுத்த முயன்றால் உறக்கமின்மை, வியர்வை, கடுங்கோபம் ஆகியன வாட்டுவதால் மீண்டும் அதையே நாடுகின்றனர்.

“அப்படியாயின் செடிக் கஞ்சா பரவாயில்லையா?” என்று கேட்பீர்கள். இல்லை. சுவீடன் நாட்டில் படைக்குத் தெரிவுசெய்யப்பட்ட 45,000க்கு மேற்பட்ட இளைஞரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தோருக்கு, பாவியாதோரைவிட, மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. மனித மூளை ஏறத்தாழ 25 வயதுவரை வளர்கிறது. அதற்கு முன் விழும் அடி ஆழமானது.

செய்வினையா, நோயா?

வெளிநாடு சென்ற மகன் திடீரெனத் திரும்பி வருகிறான். அறையைப் பூட்டிக்கொண்டு தனியே பேசுகிறான். அயலார் என்ன சொல்வார்கள்? “யாரோ செய்வினை செய்துவிட்டார்கள்” என்பார்கள். மந்திரிக்கவும் நூல் கட்டவும் ஓடுவது நம் பகுதியில் எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். செபம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் செபத்தைக் காரணங்காட்டி வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது தவறு. இந்நோய்க்கு மருந்து உண்டு. எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் குணமும் நன்றாகும். வெட்கத்தினால் ஒளித்துவைக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நட்டமே.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. உறக்கம், நட்பு, படிப்பு, செலவு ஆகியவற்றில் திடீர் மாற்றம் கண்டால் அமைதியாக விசாரியுங்கள். அடித்தால் உண்மை வராது.

2. வைத்தியரிடம் உண்மையை மறைக்காதீர்கள். கஞ்சாவைக் கண்டறியும் வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் செயற்கைக் கஞ்சா தென்படாது. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

3. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

4. மனநல உதவிக்கு 1926, போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்கு 1927 ஆகிய இலக்கங்களுடன் பேசலாம். அண்மையிலுள்ள அரச வைத்தியசாலையிலும் மனநல வைத்தியரைப் பார்க்க வழி கேளுங்கள்.

5. விமானம் ஏறுமுன் பிள்ளையிடம் சொல்லுங்கள்: “பெயர் தெரியாத புகையை யார் நீட்டினாலும் வாங்காதே. தப்பித் தவறி ஏதும் நடந்துவிட்டால் முதலில் எங்களுக்குச் சொல்.”

இதில் இரண்டாவது வாக்கியத்தையே நாம் சொல்ல மறக்கிறோம். தவறிய பிள்ளை வீட்டுக்கு அறிவிக்க அஞ்சினால், அவன் அடுத்ததாகப் போவது அந்த வியாபாரியிடமே. இன்றிரவு சாப்பாட்டு வேளையில் இதைப்பற்றிக் குடும்பமாகப் பேசுங்கள்.