குறுக்குத் தையலுக்குச் சிக்கன உரு அமைத்தல்

குறுக்குத் தையல் என்பது பெருக்கல் குறி போல ஒரு நூலின் மேல் மற்றொரு நூல் சாய்ந்து விழும் தையல் என்பதைப் பள்ளியில் தையல் பயின்ற நம் அங்கத்தினர்கள் அறிவர். ஒவ்வொரு தையலும் துணியில் ஒரு சதுரத்தை நிரப்பும். ஆகவே இவ்வேலைக்கு உரு வரைவோர் பென்சிலை எடுப்பதற்கு முன் கட்டத்தாளை எடுக்க வேண்டும். கரைக்கு உரு கட்டும் நெசவாளருக்கு இது புதிய விஷயமன்று.

பழைய மாதிரிப் புத்தகங்களில் ரோஜாக் கொத்து, கிளி, மாளிகை என்று துணி முழுவதும் மூடப்பட்ட உருக்களே மிகுதி. இன்று வாங்குவோர் பலர் ஒன்றிரண்டு நிறமும் நிறைய வெற்றிடமும் உள்ள உருக்களை நாடுகின்றனர். இது முற்றிலும் புதிய வழக்கமும் அன்று. டென்மார்க்கில் 1928-இல் தோன்றிய கைவேலை வளர்ச்சிச் சங்கத்துக்காகக் கெர்டா பெங்ட்ஸன் என்னும் அம்மையார் அமைத்த செடி, பூ உருக்களில் பின்னணி தைக்கப்படுவதில்லை. லினன் துணியே பின்னணி. நம் நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் வரைபடமின்றி இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கின்றனர். அவர்களுடையது குறுக்குத் தையல் அன்றாயினும், எண்ணிக்கையே உருவாகும் முறை ஒன்றுதான்.

சிக்கன உருவினால் பலன் என்ன? ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். அங்குலத்துக்கு 14 சதுரம் உள்ள துணியில் அகலம் 71 சதுரம், உயரம் 40 சதுரம் எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஐந்து அங்குலத்துக்கு மூன்று அங்குலம். இதை முழுதும் நிரப்பினால் 2,840 தையல். மணிக்கு 120 தையல் போடும் கை என்று வைத்துக்கொண்டால் 23 மணிக்கு மேல் பிடிக்கும். ஒரு சிறு பையின் முகப்புக்கு இத்தனை மணியின் கூலியை யார் தருவார்? தராதபோது அந்த நஷ்டம் தைத்த பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

அதே அளவில் நமக்குத் தெரிந்த கோபுரக் கரையை அமைப்போம். ஒரு கோபுரத்துக்கு மேலிருந்து கீழாக 1, 3, 5, 7 என்று நான்கு வரிசை; மொத்தம் 16 தையல். ஏழு கோபுரங்களை மூன்று மூன்று சதுர இடைவெளி விட்டு நிறுத்தினால் 49-உம் 18-உம் சேர்ந்து 67 சதுரம் ஆகும். இரு பக்கமும் இரண்டிரண்டு சதுரம் விட 71. அகலத்தை 70 என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று கோணியிருக்கும். எனவே முதலில் உருவை எண்ணி, பிறகே துணியை வெட்டுக.

மேலே ஒரு சூரியன் வைப்போம். 3, 5, 7, 7, 7, 5, 3 என்று ஏழு வரிசை அடுக்கினால் 37 தையலில் வட்டம் வந்துவிடும். அதை நட்ட நடுவில் வைப்பது வழக்கம். என் அபிப்பிராயத்தில் ஆறாவது கோபுரத்தின் மேல், இடப்புறம் 52-உம் வலப்புறம் 12-உம் சதுரம் விட்டு வைப்பதே அழகு. கோபுரத்துக்கு அவுரி நீலம், சூரியனுக்குச் சிவப்பு. மொத்தம் 149 தையல்; ஒன்றேகால் மணி வேலை.

சாய்கோடு வரையும்போது படிகள் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று, அல்லது இரண்டுக்கு ஒன்று என்று ஏறுக. இடையில் மாறினால் அது உருவாகத் தோன்றாது, பிழையாகவே தோன்றும். தனித்து நிற்கும் ஒற்றைத் தையல்களையும் தவிர்க்க. அவற்றுக்காக நூலைத் துணியின் பின்புறம் நெடுந்தூரம் இழுத்தால், வெற்றிடத்தின் வழியே நிழல் போலத் தெரியும். மேல்நூல் யாவும் ஒரே பக்கம் சாய வேண்டும்; நிறைந்த உருவில் மறையும் குற்றம் இதில் மறையாது. 14 சதுரத் துணிக்கு ஆறு இழை நூலில் இரண்டு இழை போதும். சிவப்பு நூலைத் தைப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் துண்டில் வைத்து நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுக.

இனி நெசவாளருக்கு. உரு சுருங்கச் சுருங்கத் துணி வெளியே வருகிறது. கட்டி இழையும், அறுந்து முடிந்த முடிச்சும், எண்ணெய்க் கறையும் ரோஜாக் கொத்தின் அடியில் ஒளிந்துகொள்ளலாம். இங்கே ஒளிய இடமில்லை. அதைவிட முக்கியம், அங்குலத்துக்குப் பாவு இழையும் ஊடை இழையும் சமமாக நிற்பது. இரண்டும் 28 ஆனால், இரண்டிரண்டு இழைக்கு ஒரு தையலாக இருபுறமும் 14 வரும். ஊடை 24 ஆகத் தளர்ந்துவிட்டால் மேற்சொன்ன சூரியன் அரை அங்குல அகலமும் 0.58 அங்குல உயரமுமாக முட்டை போல நீண்டுவிடும். தைத்தவளின் மேல் அப்போது பிழை சொல்வது நியாயமன்று. தறியில் இழுபட்டு நிற்கும் துணி, இறக்கி நனைத்தபின் சுருங்கும். ஆதலால் இழையைத் தறியில் எண்ணி நிறுத்திவிடாமல், ஒரு முழத் துண்டைத் துவைத்து உலர்த்தி, நெடுக்கிலும் குறுக்கிலும் எண்ணிப் பார்த்த பிறகே இத்துணியைத் தையற் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும்.