மண்சுவரில் தொடங்கி இதயத்தில் முடியும் நோய்

வெப்பமண்டல நோய்கள் என்றவுடன் குளிர்காய்ச்சலும் யானைக்காலுமே நம் நினைவுக்கு வருகின்றன. இதய நோயோ வசதி படைத்தோரை நாடுவது எனப் பலரும் எண்ணுகின்றனர். இவ்விரு எண்ணங்களும் முழு உண்மையல்ல என்பதற்கு லத்தீன் அமெரிக்காவின் சாகஸ் நோய் சான்றாகும். ஏழைகளின் மண்வீடுகளில் வாழும் ஒரு பூச்சி பரப்பும் இந்நோய், ஓசையின்றிப் பல ஆண்டுகள் உடலில் தங்கி, இறுதியில் இதயத்தைச் சிதைக்கிறது. உலகில் சுமார் 70 லட்சம் பேர் இதன் கிருமியைத் தாங்கி வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க நாடுகளில் உள்ளனர்.

கண்டறிந்த வரலாறு

பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இருப்புப் பாதை அமைக்கும் தொழிலாளரிடையே மலேரியாவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டவர் மருத்துவர் கார்லோஸ் சாகஸ். லாசான்ஸ் என்னும் சிற்றூரில் பணியாற்றியபோது, வீடுகளின் சுவர் வெடிப்புகளில் மறைந்திருந்து இரவில் மனிதக் குருதியை உறிஞ்சும் ஒரு பூச்சியை அவர் ஆராய்ந்தார். முகத்தில் கடிப்பதால் மக்கள் அதனை 'நாவிதன்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அதன் குடலில் சாட்டை போன்ற இழையுடைய ஓரணு உயிரியைக் கண்ட சாகஸ், 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் குருதியிலும் அதனைக் கண்டார். தம் ஆசிரியர் ஆஸ்வால்டோ குரூஸைப் பெருமைப்படுத்தும் வகையில் அதற்கு 'டிரிப்பனோசோமா குரூசி' எனப் பெயரிட்டார். கிருமி, அதைப் பரப்பும் பூச்சி, அதனால் விளையும் நோய் ஆகிய மூன்றையும் ஒருவரே கண்டறிந்தது மருத்துவ வரலாற்றில் அரியதாகும்.

பரவும் வழிகள்

இப்பூச்சி மூட்டைப்பூச்சியைவிடப் பலமடங்கு பெரியது. கிருமி அதன் எச்சிலில் இல்லை, கழிவில் உள்ளது. குருதியை உறிஞ்சும்போதோ உறிஞ்சிய பின்னரோ பூச்சி தோலின்மீது கழிவை விடுகிறது. உறங்குபவர் அரிப்பினால் சொறியும்போது கடிவாய் வழியாகவும், கண்ணைக் கசக்கும்போது இமையின் உட்புறம் வழியாகவும் கிருமி உட்புகுகிறது. பூச்சியின் கழிவு கலந்த உணவு, சோதிக்கப்படாத குருதி, உறுப்பு மாற்றம் ஆகியவற்றாலும், கருவுற்ற தாயிடமிருந்து சேய்க்கும் நோய் பரவலாம். பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் 2005-இல் கரும்புச்சாறு பருகியோரிடையே இந்நோய் தோன்றியது.

இதயத்திற்கு நேர்வது என்ன?

நோயின் முதற்கட்டம் ஏறத்தாழ இரண்டு மாதம் நீடிக்கிறது. காய்ச்சல், தலைவலி, சிலருக்கு ஒரு கண்ணிமையில் வீக்கம் ஆகியவை காணப்படலாம். பலருக்கு எந்த அறிகுறியும் இராது. பின்னர் நோயாளி உழுகிறார், சுமக்கிறார், குடும்பம் நடத்துகிறார். ஆனால் கிருமி அழிவதில்லை. நாட்பட்ட நோயாளிகளில் மூன்றிலொரு பங்கு வரையினருக்கு, பெரும்பாலும் பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்குப் பின், இதயக் கேடு வெளிப்படுகிறது. வேறு சிலருக்கு உணவுக்குழாயும் பெருங்குடலும் விரிந்து செயலிழக்கின்றன.

கிருமி இதயத் தசையிழைகளுக்குள் புகுந்து பெருகுகிறது. இழைகள் வெடித்து அழிகின்றன. கிருமியை எதிர்க்கத் திரளும் உடலின் காப்பணுக்களால் உண்டாகும் அழற்சி, சாம்பலுக்குள் நெருப்பைப்போல் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது. மடிந்த தசையின் இடத்தில் சுருங்கும் ஆற்றலற்ற நார்த்தழும்பு உருவாகிறது. இதன் விளைவுகள் மூன்று.

முதலாவது, துடிப்பை இயக்கும் மின்தூண்டலின் பாதை தடைப்படுகிறது. வலப்புறக் கிளைப் பாதையில் தடை ஏற்பட்டிருப்பதை இ.சி.ஜி. பதிவு பல நோயாளிகளிடம் முன்னதாகவே காட்டிவிடுகிறது. துடிப்பு மிகக் குறைந்தோருக்குப் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படுகிறது. துடிப்பு தாறுமாறாகும்போது, நலமாக இருப்பதாகத் தோன்றியவரும் திடீரென இறக்க நேரிடலாம்.

இரண்டாவது, இதயம் விரிந்து தளர்ந்து, குருதியை உந்தும் வலிமையை இழக்கிறது. மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் தோன்றுகின்றன.

மூன்றாவது, இடக் கீழறையின் நுனிச்சுவர் மெலிந்து பை போல் புடைக்கிறது. அங்கே உறையும் குருதிக்கட்டி மூளையைச் சென்றடைந்தால் பக்கவாதம் உண்டாகிறது.

மருந்தின் எல்லை

பென்ஸ்நிடசோல், நிஃபர்டிமாக்ஸ் ஆகிய இரு மருந்துகள் உள்ளன. நோய் தொற்றிய தொடக்கத்திலேயே கொடுத்தால் இவை ஏறத்தாழ முழுப் பயன் தருகின்றன. பெண்கள் கருவுறுவதற்கு முன்பே மருந்துண்டால் சேய்க்கு நோய் செல்வதைத் தடுக்கலாம். ஆனால் இதயம் பழுதான பின் நிலை வேறு. 2,854 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், பென்ஸ்நிடசோல் குருதியில் கிருமி தென்படுவதைக் குறைத்தது. எனினும் இதயக் கேடு முற்றுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து தழும்பைத் தசையாக்குவதில்லை. ஆகவே காலத்தே கண்டறிதலும், அதற்கு முன்னரே தடுத்தலும் இன்றியமையாதவை.

வீட்டைச் செப்பனிடும் மருத்துவம்

மினாஸ் ஜெராய்ஸின் பம்பூயி என்னும் ஊரில் 1943-இல் ஓர் ஆய்வுநிலையம் தொடங்கப்பட்டது. எமானுவேல் தியாஸும் அவருடன் பணியாற்றியோரும் ஒருபுறம் நோயாளிகளின் இதயத்தை ஆராய்ந்தனர். மறுபுறம் வீடுகளில் பூச்சிக்கொல்லி தெளித்துப் பயன் கண்டனர். சுவரைப் பூசி வெடிப்புகளை அடைத்தலும், கூரையைச் செப்பனிடுதலும் பூச்சியின் மறைவிடங்களை ஒழிக்கும் வழிகளாயின.

1991-இல் ஆர்ஜென்டினா, பொலிவியா, பிரேசில், சிலி, பராகுவே, உருகுவே ஆகிய ஆறு நாடுகள் கூட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தன. வீட்டில் வாழும் முதன்மைப் பூச்சியினத்தை ஒழித்தலும், குருதி வங்கிகளில் சோதனையைக் கட்டாயமாக்குதலும் அதன் நோக்கங்கள். அவ்வினத்தின் வழியாக நோய் பரவுவது நின்றுவிட்டதாக உருகுவே 1997-இலும், சிலி 1999-இலும், பிரேசில் 2006-இலும் சான்று பெற்றன. காடுகளில் வாழும் பிற இனங்கள் இருப்பதால் கண்காணிப்பு இன்றும் தேவைப்படுகிறது.

நமக்குரிய பாடம்

சாகஸ் நோய் இந்தியாவில் நிலைகொண்ட நோயன்று. ஆயினும் இதே கோட்பாடு நமக்கும் பொருந்தும். பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களின் சிற்றூர்களில் கருங்காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ, ஈரமான மண்சுவர் வெடிப்புகளில்தான் தங்குகிறது. அவ்வூர்களில் மருந்து தெளிப்பதோடு, பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின்கீழ் உறுதியான வீடுகளும் கட்டித் தரப்பட்டுள்ளன.

சுவர் பூசும் செலவு வீட்டுவசதித் துறையின் கணக்கில் எழுதப்படுகிறது. அதன் வரவோ இருபது ஆண்டுகள் கழித்து, இதயம் தளர்ந்து மருத்துவமனைக்கு வரவேண்டிய ஒரு குடியானவர் தம் வயலில் உழைத்துக்கொண்டிருப்பதில் தெரியும். அந்த வரவு எந்தத் துறையின் ஏட்டிலும் ஏறுவதில்லை. திட்டமிடுவோர் அதனையும் கணக்கில் கொள்வார்களாயின், வீட்டுவசதியும் நல்வாழ்வும் இரு வேறு துறைகளாயினும் ஒரே பணியே என்பது விளங்கும்.