கட்டுரைப் பயிற்சி: தாவரவியல் பூங்காவில் ஒரு நாள்

சுற்றுலாக் கட்டுரையில் பயண விவரத்தைச் சுருக்கி எழுதுக. கண்டதையும் அறிந்ததையும் விரித்து எழுதுக.

மாதிரி:

கேகாலையிலிருந்து அதிகாலையில் புறப்பட்ட நாம், கம்பஹாவிலுள்ள ஹேனரத்கொட தாவரவியல் பூங்காவை அடைந்தோம். இருமருங்கும் மரங்கள் நிழல் பரப்பிய பாதையில் வரிசையாக நடந்தோம். இறப்பர் மரங்களைக் கண்டதும், "இது நம்ம தோட்டத்து மரந்தானே, சேர்!" என்றான் நண்பன். ஆசிரியர் நின்று விளக்கினார்.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசிலின் அமேசன் பகுதியிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றுள் 1,900க்கும் அதிகமான கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றை வளர்ப்பதற்காகவே இப்பூங்கா அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின.

விடியற்காலையில் பால் வெட்டச் செல்லும் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அம்மரத்தால்தான். தினமும் கடந்து செல்லும் மரத்தின் வரலாற்றை அன்றுதான் அறிந்தேன்.

கவனிக்க: "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். கண்ட பொருளுக்கும் உங்கள் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை இறுதிப் பந்தியில் கூறுங்கள். ஆண்டு, எண்ணிக்கை என்பவற்றைப் பிழையின்றி எழுதுங்கள்.

பயிற்சி:
1. ஹேனரத்கொட பூங்கா அமைக்கப்பட்டதன் நோக்கம் யாது?
2. இறப்பர்க் கன்றுகள் இலங்கையை வந்தடைந்த வழியை மூன்று வாக்கியங்களில் எழுதுக.
3. உங்கள் தோட்டத்திலுள்ள ஒரு மரத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஒரு பந்தி எழுதுக.