அட்டையில் அடங்கிய மக்கள்

நாட்டை ஆள்வோர்க்குக் கணக்கு வேண்டும். மக்கள் எத்தனை பேர், அவருள் குழந்தைகள் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர் என்பன தெரியாமல் பள்ளி கட்ட இயலாது. மருத்துவமனை அமைக்க இயலாது. பஞ்சம் வந்தால் தானியம் பங்கிடவும் இயலாது. ஆதலின் மக்களை எண்ணுவது குற்றமன்று. ஆட்சியின் கடமைகளுள் ஒன்று அது. ஆனால், எண்ணுவது வேறு. இவர் இன்னார், இன்ன தெருவில் வாழ்கிறார், இன்ன சமயத்தைச் சார்ந்தவர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதிவைப்பது வேறு. முன்னதில் மனிதன் தொகையுள் ஒன்றாக மறைந்துவிடுகிறான். பின்னதிலோ, தேடுபவர் கைக்கு எட்டும் இடத்தில் அவன் நிற்கிறான்.

அமெரிக்க நாட்டில் 1880-ஆம் ஆண்டில் எடுத்த குடிக்கணக்கைத் தொகுத்து முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. இவ்வாறே போனால் ஒரு கணக்கு முடியுமுன் அடுத்த கணக்கு வந்துவிடும் என்று அலுவலர் கவலையுற்றனர். அப்போது ஹெர்மன் ஹாலரித் என்னும் பொறியாளர் துளையிட்ட அட்டைகளை எண்ணும் மின்பொறி ஒன்றை அமைத்தார். ஒருவர் ஆணா பெண்ணா, வயது யாது, பிறந்த நாடு யாது என்பவற்றை அட்டையில் துளை விழுந்த இடமே காட்டும். அட்டையின்மேல் ஊசிகள் இறங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி உட்புகுந்து மின்சுற்றை நிறைவாக்கும். உடனே எண் காட்டும் முள் ஒன்று நகரும். 1890-ஆம் ஆண்டில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் கணக்கு இப்பொறியைக்கொண்டே தொகுக்கப்பட்டது. ஹாலரித்தின் நிறுவனம் 1911-இல் வேறு சிலவற்றோடு இணைந்தது. இணைந்த நிறுவனம் 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. இன்றைய கணினித் தொழிலின் ஆணிவேர்களுள் ஒன்று குடிக்கணக்கு அலுவலகத்தில் ஊன்றியது என்பது பலர் அறியாத செய்தி.

பொறி விரைவைத் தந்தது. ஆயினும் தீங்கு விளைய விரைவான பொறி வேண்டுவதில்லை. ஒழுங்கான எழுத்தும், ஒழுங்கான பெட்டியும், கடமை தவறாத எழுத்தரும் இருந்தாலே போதும். நெதர்லாந்து நாட்டில் நடந்தது அதற்குச் சான்று.

அந்நாட்டின் ஊராட்சிகள் 1850-ஆம் ஆண்டு முதல் மக்கட் பதிவேடு வைத்து வந்தன. 1930-களின் இறுதியில் ஏடு போய் அட்டை வந்தது. ஒவ்வொருவர்க்கும் ஓர் அட்டை. பெயர், பிறந்த நாள், முகவரி, தொழில், மணவாழ்வு, சமயம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. ஒருவர் ஊர் மாறினால் அட்டையும் அவரைத் தொடர்ந்து புதிய ஊருக்குச் செல்லும். பிறப்பு முதல் இறப்பு வரை நிழல்போல் உடன்வரும் அட்டை அது. சமயத்தைக் குறிப்பதில் எவரும் தவறு காணவில்லை. அந்நாட்டில் பள்ளிகளும் சங்கங்களும் சமயவாரியாகப் பிரிந்திருந்த காலம் அது. ஆகவே அலுவலர் கேட்டனர், மக்கள் கூறினர். தம்மை யூதர் என்று கூறியவரும் அஞ்சாமலே கூறினர். அஞ்சுவதற்கு அப்போது என்ன இருந்தது?

இப்பதிவேடுகளையெல்லாம் மேற்பார்த்தவர் யாக்கோபுஸ் லென்ட்ஸ் என்னும் அரசு அலுவலர். அவர் அட்டைகளோடு நிறைவு அடையவில்லை. குடிமக்கள் ஒவ்வொருவரும் எப்போதும் அடையாளச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்று விரும்பி, அதற்கு ஒரு திட்டமும் வகுத்தார். 1940-இன் தொடக்கத்தில் அரசு அத்திட்டத்தை ஏற்க மறுத்தது. குற்றம் செய்யாத குடிமகனைக் குற்றவாளியாக ஐயுறுவதற்கு அது ஒப்பாகும் என்பது அரசின் கருத்து. சில திங்களுக்குள், அவ்வாண்டு மே மாதம் 10-ஆம் நாள், செர்மானியப் படை நாட்டினுள் புகுந்தது. பழைய ஆட்சியினர் மறுத்த திட்டத்தைப் புதிய ஆட்சியினர் உவந்து ஏற்றனர். 1941-இல் புகைப்படமும் விரற்பதிவும் கொண்ட அடையாளச் சீட்டு வழங்கப்பட்டது. போலி செய்வதற்கு மிக அரியதாக அதை லென்ட்ஸ் அமைத்திருந்தார். யூதர் சீட்டில் மட்டும் பெரிய எழுத்து ஒன்று முத்திரையாகப் பொறிக்கப்பட்டது. வெறுப்பைக் காட்டிலும் தொழிற்பெருமையே அவரை இயக்கியது என்பர் வரலாற்றாசிரியர். அப்பெருமையின் பயனை அனுபவித்தவர் வேறு பலர்.

1941 சனவரியில் யூதர் அனைவரும் தம்மைப் பதிவுசெய்துகொள்ளவேண்டும் என்று ஆணை பிறந்தது. ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவுசெய்தனர். ஒளிக்கலாகாதா என்று இன்று கேட்பது எளிது. அவர்தம் சமயம் முன்னரே அட்டையில் இருந்தது. ஒளித்தால் அட்டையே காட்டிக்கொடுக்கும். அவ்வாண்டு மே மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அலுவலகம் ஒரு நிலப்படம் வரைந்தது. நகரத்தின் தெருக்களில் கரும்புள்ளிகள் இடப்பட்டிருந்தன. ஒரு புள்ளி, யூதர் பத்துப் பேர். படம் துப்புரவாக வரையப்பட்டது. புள்ளிகளும் பிழையின்றி இடப்பட்டன. அதை வரைந்தவர் படைவீரர் அல்லர். நகராட்சியில் ஊதியம் பெற்றவர்.

நெதர்லாந்தில் வாழ்ந்த யூதர் ஏறத்தாழ 1,40,000 பேர். அவருள் ஒரு நூறாயிரத்திற்கு மேற்பட்டவர், அதாவது நால்வரில் மூவர், போர் முடிவதற்குள் கொல்லப்பட்டனர். பிரான்சில் அவ்வாறு மாண்டவர் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பல. ஒளிந்து வாழ மலையும் பெருங்காடும் இல்லாத தட்டை நிலம், ஆக்கிரமிப்பு ஆட்சியின் தன்மை, அலுவலரின் கீழ்ப்படிதல் எனப் பலவற்றை ஆய்வாளர் எடுத்துரைப்பர். பதிவேட்டின் செப்பமும் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

அட்டையின் ஆற்றலை முதலில் உணர்ந்தவர் அரசியலார் அல்லர், கலைஞர். வில்லெம் அரொந்தேயுஸ் என்னும் ஓவியரும், கெரிட் ஃபான் டெர் ஃபேன் என்னும் சிற்பியும், அவர்தம் நண்பரும் போலி அடையாளச் சீட்டுகள் செய்து மறைந்து வாழ்வோர்க்கு அளித்து வந்தனர். ஆனால் போலிச் சீட்டைப் பதிவேட்டு அட்டையோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். ஆகவே அட்டையையே அழிக்கத் துணிந்தனர். 1943 மார்ச்சு 27-ஆம் நாள் இரவு, போலீஸ் உடை அணிந்து ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு நிலையத்தினுள் புகுந்தனர். அவ்வுடைகளைத் தைத்தவர் அவர்தம் குழுவைச் சேர்ந்த தையற்கலைஞர் ஒருவர். காவலரை அவர்கள் கொல்லவில்லை. உடன்வந்த மருத்துவ மாணவர் மயக்கமருந்து செலுத்தினர். மயங்கிய காவலர் வெளியே தோட்டத்தில் கிடத்தப்பட்டனர். நெருக்கி அடுக்கிய தாள் எளிதில் எரிவதில்லை. எனவே பெட்டிகளைத் திறந்து அட்டைகளைத் தரையில் கொட்டி, எரிநெய் ஊற்றி, வெடி வைத்தனர். தீயணைப்போர் விரைந்து வரவில்லை. வந்தபின் வேண்டிய அளவிற்கு மேல் நீரைப் பாய்ச்சினர். தீக்குத் தப்பிய அட்டைகள் பல நீரில் ஊறிக் கெட்டன. தீயணைப்போர் தம் தொழிலை மறந்தனர் என்று எவரும் நம்பவில்லை.

இவ்வளவு செய்தும் அழிந்தவை நூற்றுக்குப் பதினைந்து என்பது கணக்கு. சில நாட்களில் குழுவினர் காட்டிக்கொடுக்கப்பட்டனர். சூலை முதல் நாள் அரொந்தேயுஸ் உட்படப் பன்னிருவர் கடற்கரை மணற்குன்றுகளிடையே சுட்டுக்கொல்லப்பட்டனர். தப்பிய ஃபான் டெர் ஃபேனும் அடுத்த ஆண்டில் பிடிபட்டு அம்முடிவையே எய்தினார்.

ஒரு நகரத்து அட்டைகளை எரித்தாலும், அடையாளச் சீட்டுகளின் படிகள் ஹேக் நகரில் கிளெய்காம்ப் என்னும் மாளிகையில் தொகுத்து வைக்கப்பட்டிருந்தன. எதிர்ப்பியக்கத்தார் வேண்டியதன்பேரில், 1944 ஏப்பிரல் 11-ஆம் நாள் பிரித்தானிய விமானங்கள் ஆறு தாழப் பறந்து வந்து அம்மாளிகையின்மேல் குண்டு வீசின. படிகளில் பெரும்பகுதி எரிந்தது. அறுபதுக்கு மேற்பட்ட மக்களும் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் அங்கே எழுத்துவேலை பார்த்தவர், டச்சு மக்களே. அம்மாளிகைக்கு எதிரே நின்றது அமைதி மாளிகை. எழுதிவைப்பதற்கு ஒரு பேனா போதுமாயிருந்தது. எழுதியதை அழிக்க இத்தனை உயிர் தேவைப்பட்டன.

போருக்குப் பின் இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. 1971-இல் நெதர்லாந்து அரசு குடிக்கணக்கு எடுத்தது. விவரங்கள் கணினியில் ஏற்றப்படும் என்றதும் எதிர்ப்பு எழுந்தது. பலர் விடைகூற மறுத்தனர். வீடுதோறும் சென்று கேட்கும் கணக்கு அந்நாட்டில் அதுவே இறுதியாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதன் பின்னர் அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கு, பதிவேடுகளிலிருந்தே பெரும்பாலும் தொகுக்கப்படுகிறது. கதவைத் தட்டிய கணக்காளரை மறுத்த மக்கள், தட்டாமலே நுழையும் பதிவேட்டை மறுக்கவில்லை.

மேற்கு செர்மனியில் இவ்வினா நீதிமன்றம் ஏறியது. 1983 ஏப்பிரலில் அங்குக் குடிக்கணக்கு எடுக்க ஏற்பாடாகியிருந்தது. கணக்கிற்காகப் பெறும் விடைகளைக்கொண்டு ஊர்ப் பதிவேடுகளையும் திருத்திக்கொள்ளலாம் என்று சட்டம் இடந்தந்தது. மக்கள் வழக்குத் தொடுத்தனர். அரசியலமைப்பு நீதிமன்றம் முதலில் கணக்கை நிறுத்திவைத்தது; பின்னர், டிசம்பர் 15-ஆம் நாள், தீர்ப்புக் கூறியது. தன்னைப் பற்றிய செய்தியை எவர் அறியலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை மனிதனுக்கே உரியது என்றது. தன்னைப் பற்றி எங்கே என்ன பதியப்பட்டுள்ளது என்று அறியாதவன் கூட்டங்களுக்குச் செல்லவும் அஞ்சுவான் என்று எடுத்துக்காட்டியது. கணினி வந்தபின் அற்பச் செய்தி என்று ஒன்று இல்லை என்பதும் அத்தீர்ப்பின் கருத்து. தனியே அற்பமாகத் தோன்றுவது மற்றொன்றோடு சேரும்போது பெரிதாகிவிடுகிறது. ஒரு பயனுக்குப் பெற்றதை வேறு பயனுக்குத் திருப்பலாகாது என்று கூறி, பதிவேட்டைத் திருத்தும் பகுதியை நீதிமன்றம் செல்லாதாக்கியது. கணக்கு 1987-இல்தான் நடைபெற்றது.

'ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்?' என்று கேட்பவர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். கணினி நிறுவனங்களின் பேச்சிலும் இவ்வினா அடிக்கடி ஒலிக்கிறது. 1938-இல் தம் சமயத்தை உள்ளவாறு கூறிய ஆம்ஸ்டர்டாம் வணிகர் எதையும் ஒளித்தவர் அல்லர். அவர் மாறவில்லை, அட்டையும் மாறவில்லை. அட்டையைப் படிப்பவர் மாறினர்.

இன்று எவரும் வாயிலில் வந்து கேட்பதில்லை. கைப்பேசி எங்கே இருந்தது என்பதும், ஒருவர் இணையத்தில் எதைத் தேடினார் என்பதும் தாமே பதிவாகின்றன. பெயரை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்று நிறுவனங்கள் கூறுவதுண்டு. 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க நிறுவனம், ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று திங்களில் தேடிய இரண்டு கோடி அளவிலான சொற்றொடர்களை ஆய்வாளர் பயன்பாட்டிற்கென்று வெளியிட்டது. பெயருக்கு மாறாக எண் மட்டும் இருந்தது. சில நாட்களுக்குள் 'நியூயார்க் டைம்ஸ்' இதழாளர் இருவர் ஓர் எண்ணுக்கு உரியவரைத் தேடி அவர் வீட்டு வாயிலில் நின்றனர். அவர் ஒரு முதிய அம்மையார். தம் ஊரில் தோட்டவேலை செய்வோரையும் தம் குடும்பப் பெயர் உடையோரையும் அவர் தேடியிருந்தார். அவ்விரண்டும் சேர்ந்து அவரைக் காட்டிவிட்டன. நோய்கள் பலவற்றையும் தேடியிருந்தார். பட்டியலைப் படித்தவர் அவரைப் பெருநோயாளி என்றே கருதுவர். உண்மையில் அவர் தேடியது தோழியர்க்கு உதவுவதற்காக.

நிறுவனம் மன்னிப்புக் கோரியது, கோப்பை விலக்கிக்கொண்டது, தொழில்நுட்பத் தலைவர் பதவி விலகினார். அதற்குள் பலர் அக்கோப்பைப் படியெடுத்துத் தம் கணினிகளில் வைத்துக்கொண்டனர். ஆம்ஸ்டர்டாமின் அட்டைகளாவது ஒரு கட்டடத்தில் இருந்தன. நூற்றுக்குப் பதினைந்தாவது எரிந்தன. இக்கோப்பின் படிகள் எங்கெங்கே உள்ளன என்பதை அதை வெளியிட்டவராலும் சொல்ல இயலவில்லை.