தேதி நெருங்கும்போது கொஞ்சம் நடங்க

பழவேற்காட்டில் பொன்னேரி பஸ்ஸுக்காக நிற்கும் கல்லூரி மாணவிகள் பீரியட்ஸ் வலியைப் பற்றிக்கூடச் சொல்லிவிடுவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே வரும் எரிச்சல், காரணமில்லாத அழுகை, வயிற்று உப்புசம், மார்பு வலி பற்றி வாய் திறப்பது அபூர்வம். வீட்டில் சொன்னால், "நாங்கெல்லாம் இடுப்பளவு தண்ணியில நின்னு கையால தடவி இறால் புடிச்சோம், எங்களுக்கு இப்படி ஒண்ணும் வரலையே" என்பார்கள். வந்திருக்கும் அம்மா, அப்போ அதுக்குப் பேர் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் பி.எம்.எஸ். கருமுட்டை வெளியான பிறகு உடலில் ஹார்மோன்கள் ஏறி இறங்குகின்றன. அந்த மாற்றம் சிலரை அதிகம் பாதிக்கிறது. உதிரப்போக்கு தொடங்கிய சில நாளில் தொந்தரவு தானாகக் குறைந்துவிடும்.

உடற்பயிற்சி உதவுமா? தொடர்ந்து செய்தவர்களுக்கு அறிகுறிகள் குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள்தான். அதனால் இதை மருந்து என்று சொல்ல மாட்டோம். அந்த ஒரு வாரம் மட்டும் செய்தால் போதாது, மாதம் முழுக்க வேண்டும். 18 வயதுக்கு மேல் வாரம் குறைந்தது 150 நிமிடம் வேகநடை, அதற்குக் கீழே தினமும் 60 நிமிடம் ஓடியாடுவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

அம்மா ஏரியில் மணிக்கணக்கில் குனிந்து நின்றதும் உடலுழைப்புதான். ஆனால் அப்படி வேலை செய்பவருக்கு அன்று தேவை ஓய்வாகவும் இருக்கலாம். பஸ், வகுப்பு, மறுபடி பஸ் என உட்கார்ந்தே இருக்கும் மகளுக்குத்தான் நடை வேண்டும். மகளிர் இலவச பஸ்தானே, இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கலாம். கடற்கரையில் தனியாக நடந்தால் ஊர் பேசும் என்றால் நாலு பேராகப் போங்கள். அதுவும் முடியாதா, வீட்டு வாசலில் ஸ்கிப்பிங் ஆடுங்கள்.

கூடவே போன் காலண்டரில் இரண்டு மாதம், எந்த நாளில் என்ன தொந்தரவு என்று குறித்து வையுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பேசும்போது அது கை கொடுக்கும். மாதம் முழுக்க அசதி என்றால் அது ரத்தசோகையாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள்.

மாதாமாதம் அந்த நாட்களில் 'வாழவே பிடிக்கலை' என்ற எண்ணம் வருகிறதா? நடையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 14416-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் இலவசம். மற்ற உடல்நலச் சந்தேகங்களுக்கு 104.